இருபது விதிகளும் ஒரு சூரை டின்னும்

ஃபெஹிகந்தூ தீவு,
நோன்பு பதினாறு, புதன்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்.

தலைநகர் மாலேயில் குளிர்சாதன அறையில் வாழ்பவரும், ஆறு மாதம் ஓட்டல் படிப்புப் படித்தவரும், எங்கள் விடுதியின் இருபது விதிகளை இயற்றியவருமான என் அருமை மச்சான் ஷம்வீல் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் யூனுஸ் மனிக்கு ஆகிய நான் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அக்கா ஜுவைரியாவும் விடுதியின் ஐந்து அறைகளும் இறைவன் கிருபையால் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறோம். அங்கே எல்லோரும் சுகமாக நோன்பு பிடித்துக்கொண்டிருப்பீர்கள். உன் மாமியாரின் முழங்காலுக்காக ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறாய். போன தடவை உன்னிடம் ரகசியமாகச் சொன்ன விஷயத்துக்கு உன் மாமியார்தான் பதில் சொன்னார். அதனால் இதை உறையில் போட்டு ஒட்டி, நாளைக் காலைப் படகின் மாலுமியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைப் படகில் எனக்கு ஒரு சமையல்காரர் வந்து இறங்க வேண்டும். தொஃபாயிலை நாளைக் காலைப் படகில் அனுப்புகிறேன். ஆமாம், ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிற அதே வங்காளத்துத் தொஃபாயில்தான். நோன்புக்கு முந்தின வாரம் நீ வந்தபோது அவன் சுட்டுப் போட்ட ரொஷி ரொட்டியை ஏழு தின்றுவிட்டு எட்டாவதை மடியில் கட்டிக்கொண்டு போனாயே, அவனேதான். ஏன் அனுப்புகிறாய் என்று வாயைத் திறக்காதே. எல்லாம் உன்னால் வந்தது.

நான் பாட்டுக்கு விருந்தாளிகளிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். "கரையில குளிக்கணும்னா ஓலைத் தட்டிக்குப் பின்னாடி குளிங்க, தெருவுல வந்தா மேல ஒரு துணியைப் போட்டுக்குங்க, பாங்கு சொன்னா பாட்டை நிறுத்துங்க" என்று மூன்றே வாக்கியம். அதுவே போதுமாக இருந்தது. நீதான், "அது முறையில்லை அத்தான், எழுத்துல இருக்கணும்" என்று இருபது விதிகளை அச்சடித்து, கண்ணாடி போட்டு, அறைக்கு ஒன்றாக மாட்டினாய். அதில் பதினொன்றாவது விதி நோன்பு மாதத்தில் பகலில் வெளியிடத்தில் யாரும் உண்ணவோ பருகவோ கூடாது என்பது. சரி, நல்ல விதி. இருபதாவது விதியில்தான் நீ என் கழுத்தை அறுத்தாய். "மேற்கண்ட விதிகள் மீறப்படுவதைக் கண்டால் விடுதி மேலாளரிடம் தெரிவிக்கவும். மூன்று நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையெனில் தீவு மன்றத்துக்கு எழுத்து மூலம் புகார் அளிக்கவும்." யாரடா உன்னை மன்றத்தை இழுக்கச் சொன்னது? மன்றத் தலைவர் ஹம்தூனுக்கும் எங்கள் ஓலைத் தட்டிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாதா? முதல் நோன்பு அன்று பள்ளிவாசல் படியில் பத்துப் பேர் முன்னால் என்ன சொன்னார் என்று ஜுவைரியா உன்னிடம் சொல்லியிருப்பாளே. "யூனுஸ், இந்த மாசம் முடியறதுக்குள்ள உன் விடுதியிலிருந்து ஒரே ஒரு புகார்த் தாள் என் மேஜைக்கு வரட்டும், தட்டியை நானே பிடுங்கிக் கடல்ல போட்டுருவேன்." தட்டி போனால் வெள்ளைக்காரர்கள் குளிக்க இடமில்லை. குளிக்க இடமில்லை என்றால் யார் வருவார்கள்? என் படகை விற்றுக் கட்டிய விடுதியில் நானும் உன் அக்காவும் அறை மாற்றி அறை படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நிலையில் ஒன்பதாம் நோன்பு அன்று ஹில்டா அம்மாள் வந்து இறங்கினாள். ஜெர்மன்காரி, அறுபத்தெட்டு வயது, முப்பது வருஷம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவள். விதியை மீறுகிற விருந்தாளியை நான் சமாளிப்பேன் மச்சான், இருபது வருஷம் சூரைமீனோடு மல்லுக்கட்டியவன் நான். விதியை மீறாத விருந்தாளியை என்ன செய்வது? வந்த அன்றே கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துவந்து, ஒவ்வொரு விதியாக என்னிடம் விளக்கம் கேட்டாள். நாய் கொண்டுவரக் கூடாது என்ற விதியைப் படித்துவிட்டு, தன் பையில் தைத்திருந்த நாய்ப் படத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டாள், இப்போது பையில் நாய் வடிவத்தில் ஓட்டை இருக்கிறது. வலது கையால்தான் சாப்பிட வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய், அவள் இடது கைப் பழக்கக்காரி, மீனும் தேங்காயும் பிசைந்த மாஸ் ஹுனியில் பாதி மடியில், பாதி பூனைக்கு. நோன்பும் பிடிக்க ஆரம்பித்தாள். "வேணாம்மா, உங்களுக்கு இது கடமையில்லை" என்றேன். "பதினொன்றாவது விதியில் 'யாரும்' என்று இருக்கிறதே" என்றாள். தட்டிக்குப் பின்னால் குளிக்க மாட்டாளாம், அது அடக்கக் குறைவாம்! முழுக்கை, முழுக்கால் உடுப்போடு துறைமுகப் பக்கம் நம் பெண்களோடு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசுகிறாள். ஹம்தூன் அதைப் பார்த்துவிட்டு வந்து என் வாசலில் நின்று சிரித்தார். "பாத்தியா யூனுஸ், வெள்ளைக்காரியே துணியோட குளிக்குது. இனி உனக்குத் தட்டி எதுக்கு?" என்றார்.  விதியை மீறினாலும் தட்டி போகும், மதித்தாலும் தட்டி போகும் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து வருகிறேன், முற்றத்தில் அந்த அம்மாள் நிற்கிறாள். கையில் ஒரு காகிதம், காகிதத்தின் மேல் ஒரு காலி சூரை டின். படகுக் கொட்டகைக்குப் பின்னால் பறவை பார்க்கப் போன இடத்தில் கிடந்ததாம். "மேலாளர் அவர்களே, யாரோ பகலில் சாப்பிட்டிருக்கிறார்கள். எண்ணெய் இன்னும் காயவில்லை" என்றாள். பூனையாக இருக்கும் என்றேன். "பூனை டின்னைத் திறக்குமா?" என்று கேட்டாள். பழைய டின் என்றேன். மூடியில் போட்டிருந்த தேதியைக் காட்டினாள். மிளகாய் போட்ட சூரைதான், நல்ல ரகம், அதோடு நாலு உப்பு பிஸ்கட்டும் தின்றால் ஒரு மனிதனுக்கு அஸர்வரை தாங்கும், அது வேறு விஷயம். விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை பிஸ்கட் தூளும் தண்ணீர் பாட்டில் மூடியும் கிடைத்தன. தனித்தனி உறையில் போட்டுத் தேதி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் அறையில் இருக்கிற இத்தாலிக்காரப் புதுத் தம்பதிமேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவர்கள் திரையை இழுத்துவிட்டு அறைக்குள்ளேயே சாப்பிடுகிறார்களாம், அதுகூட நாங்கள் தொழப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் காலையிலேயே ஒரு கயிற்று நாற்காலியைக் கொட்டகைக்கு எதிரில் ஈரப்பலா மரத்தடியில் போட்டு, தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. எனக்கோ கொட்டகையில் அவசர வேலை. என்ன வேலை என்று கேட்காதே, படகு விற்ற பிறகும் கொட்டகையில் வேலை இருக்கும். மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன், மூன்று தடவையும் தூரக்கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "சந்தேகப்படும்படி யாராவது வந்தார்களா?" என்று என்னையே கேட்கிறாள்! லுஹருக்குப் பிறகு எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, வேர்த்தது, கண் இருட்டியது. கோபத்தினால்தான், வேறொன்றுமில்லை. போன வருஷம் மாலே ஆஸ்பத்திரியில் டாக்டர் வெறும் வாயுத் தொல்லை என்று சொன்னதை உனக்கும் உன் அக்காவுக்கும் அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். அடுப்படி வாசலில் சரிந்துவிட்டேன். தொஃபாயில்தான் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீரால் என் முகத்தைக் கழுவிவிட்டான். முகத்தைத்தான்.

ஆக, இன்று மூன்றாம் நாள். காலையில் முற்றத்துக்கு வருகிறேன். அந்த அம்மாள் வெள்ளைத் தாளில் மணி மணியாக எழுதிக்கொண்டிருக்கிறாள், மேலே "தீவு மன்றத் தலைவர் அவர்களுக்கு" என்று. "நாளை முதல் உங்களுக்கு நேரம் இல்லை, மேலாளர் அவர்களே. விதி இருபது" என்கிறாள். நான் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். யார் என்று நினைக்கிறாய்? ஹம்தூனேதான். நம் தெரு விளக்குக்குப் பல்பு மாற்றுவதைப் பார்வையிட வந்தாராம், எங்கள் முற்றத்தில் நின்றுதான் பார்வை சரியாகத் தெரியுமாம்.

"என்னம்மா எழுதுறீங்க?" என்றார்.

"புகார்" என்றாள் அந்த அம்மாள்.

ஹம்தூன் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. "புகாரா! யார் மேல?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.  தட்டி, விடுதி, விற்ற படகு, உன் அக்காவின் முகம் எல்லாம் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன மச்சான். அந்த அம்மாள் உறைகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைக்கிறாள். டின், தூள், மூடி. ஹம்தூன் டின்னை எடுத்து மோந்து பார்க்கிறார். "கொட்டகைச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்கிறார். சாவி இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று தொஃபாயிலிடம். அவன் அப்போது அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

என் வாயிலிருந்து வந்துவிட்டது. "புகாரே தேவையில்லை தலைவரே. ஆளை நான் அப்பவே கண்டுபிடிச்சாச்சு. இவன்தான். நாளைக் காலைப் படகுல அனுப்புறேன்" என்றேன்.

 அந்த அம்மாள் பேனாவை மூடாமல் அவனைப் பார்த்து, "நீங்கள்தானா?" என்று கேட்டாள். தொஃபாயில் என்னைப் பார்த்தான். நான் பல்பைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றான்.

"ஒம்பது வருஷமா சோறு போட்ட வீட்டுல இப்படியா செய்வே?" என்று ஹம்தூன் அவனை வைதார். போட்டவன் அவன்தான், தின்றவர்கள் நாங்கள்தான், ஆனால் அந்த நேரத்தில் அதை யார் திருத்துவது. "சரி யூனுஸ், ஆளை அனுப்பிடு, தாள் வேணாம்" என்று எழுந்து போனார். தட்டி பிழைத்தது.

நோன்பில் ஒளிந்து தின்றவன் என்று பெயர் விழுந்தால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தீவிலும் அவனை அடுப்பு அருகில் சேர்க்க மாட்டார்கள், தெரியும். ஊரில் அவன் மகள் நர்சுப் படிப்பில் கடைசி வருஷம், அதுவும் தெரியும். நான் என்ன செய்ய? ஒரு குடும்பமா, ஒரு விடுதியா என்று வந்தால் பொறுப்புள்ள மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவனே ஒப்புக்கொண்டுவிட்டானே, நான் என்ன அடித்தா சொல்ல வைத்தேன்? ஜுவைரியா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. உன் அக்காவுக்கு நிர்வாகம் புரியாது.

ஆகவே ரொஷி மெல்லிசாகப் போடத் தெரிந்த, கருதியா மீன் ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டாத, கொட்டகைப் பக்கம் போகிற பழக்கமில்லாத ஓர் ஆளாகப் பார்த்து அனுப்பு. அப்படியே அந்த இருபதாவது விதியை அடித்துவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொடு. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் ஸலாம், உன் மாமியாரின் முழங்காலுக்கு என் துஆ. எல்லாம் வல்லவன் உங்கள் எல்லோரின் நோன்பையும் ஏற்றுக்கொண்டு, வீட்டில் குறைவில்லாத உணவையும் வாயில் பொய்யில்லாத பேச்சையும் தருவானாக.

இப்படிக்கு, தட்டியைக் காப்பாற்றிய
யூனுஸ் மனிக்கு.

பின்குறிப்பு: சமையல்காரரை அனுப்பாதே.

இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது தொஃபாயில் வந்தான். அஸர் பாங்கு அப்போதுதான் சொன்னார்கள். ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் கொட்டகைச் சாவி. சாவியை மேஜைமேல் வைத்தான்.

"மொதலாளி, பழைய எண்ணெய் டப்பாவுக்குப் பின்னாடி பிஸ்கட் ஆறு பாக்கெட் வச்சிருக்கேன். டின்னு பத்து இருக்கு. பெருநாள் வரைக்கும் காணும். டின் திறக்கிறதை ஆணியில கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கேன், தேடாதீங்க. தின்ன டின்னை மண்ணுல புதைச்சிருங்க, அந்தம்மா மறுபடி பாத்துரும்" என்றான். நின்று, "மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்காதீங்க, நேத்து மாதிரி ஆயிரும்" என்றான்.

மச்சான், நான்தான் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை டின்னும் நான், திங்கட்கிழமை பிஸ்கட்டும் நான். போன வருஷம் டாக்டர் சொன்னது வாயு இல்லை, சர்க்கரை. அளவைப் பார்த்துவிட்டு, நோன்பு பிடிக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பு விடாதவன், கொளுத்துகிற வெயிலில் சூரைமீன் தூண்டில் பிடித்துக்கொண்டே நோன்பு பிடித்தவன் என்று தேநீர்க் கடையில் வருஷா வருஷம் மார் தட்டியவன் நான். இந்த வாயை வைத்துக்கொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வேன்? கொட்டகையில் எடுக்க எடுக்க டின் குறையாமல் இருந்ததே, பழைய சரக்கு நிறைய இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நோன்பு அன்று நான் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் நோன்பு பிடித்துக்கொண்டு!

"ஏன்டா, காலையில அவங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். 

"சொன்னா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு மறுபடி பட்டினி கிடப்பீங்க. அக்கா தனியா ஆயிருவாங்க" என்றான்.

நான் அழுதேன் மச்சான். ஸ்பீக்கரில் போட முடியாது என்பதால் எழுதுகிறேன். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்து ஜனங்கள் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், ஹம்தூனும் நின்றார். அதே படி, கிட்டத்தட்ட அதே பத்துப் பேர். "தின்னது இவனில்லை. நான்தான். எனக்குச் சர்க்கரை. தட்டியைப் பிடுங்குறதா இருந்தா பிடுங்கிக்குங்க" என்று கத்திவிட்டேன்.

ஹம்தூன் ஒரு செருப்பை மாட்டினபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோயாளிக்கு நோன்பு விலக்குன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். விட்ட நோன்புக்கு இல்லாதவனுக்குச் சோறு போடணும்னு இருக்கு. நீ என்னடான்னா உனக்குச் சோறு போட்டவனையே படகேத்தப் பாத்தியே, வெக்கமா இல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். அப்புறம் தொஃபாயிலின் தோளில் கையை வைத்து, காலையில் வைததற்கு அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டார். தட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருநாளுக்கு அப்புறம் சொல்வார், சொல்லட்டும்.

ஜுவைரியா பேசத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "இருவத்தேழு வருஷமா ஒரு பாயில படுக்கிறேன், எங்கிட்ட வாயுன்னு சொல்லியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்பதில் ஆரம்பித்தாள், இன்னும் முடியவில்லை. டாக்டர் எழுதிய தாளைத் தேடியெடுத்து, உன் இருபது விதிகள் இருந்த கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அடுப்படியில் மாட்டிவிட்டாள். தொஃபாயில் பையைப் பிரிக்கக்கூட இல்லை, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரொஷிக்கு மாவு பிசையணும் மொதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான்.

மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழித்துவிட்டால், நான் அப்படியெல்லாம் எழுதவில்லை என்று நாளைக்கு எனக்கே தோன்றிவிடும். அதனால் அப்படியே அனுப்புகிறேன், பத்திரமாக வை.

விதிகளை மறுபடி அச்சடிக்கும்போது இன்னொன்றைச் சேர்த்துக்கொள். விஷயம் தெரிந்ததும் ஹில்டா அம்மாள் புகார்த் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பின்பக்கம் காலியாக இருந்த பாதியில் இடது கையால் எழுதிக் கொடுத்தது: "விதி இருபத்தொன்று. யாராவது மறைவில் சாப்பிடுவதைக் கண்டால் திரும்பி நடக்கவும். அவர் தனியாக இருந்தால், தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்கலாம்."